முறுக்குக் கம்பெனியிலிருந்து ஓடிவந்த பையன்: மூன்று வரைவு, இரண்டரை வருடம்

போன ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றே முக்காலுக்கு நாவலின் மூன்றாவது வரைவை முடித்தேன். 61,000 சொற்கள், 38 அத்தியாயங்கள், ஏ4 தாளில் 214 பக்கம். முதல் வரைவு 94,000 சொற்கள் போய் மொத்தமும் வீணானது, இரண்டாவது 38,000 சொற்களில் நின்றுபோனது. இந்த மூன்றாவதுதான் நிற்கிறது. எங்கே தவறினேன், எதை மாற்றியதும் கதை பிடித்துக்கொண்டது என்பது மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன். தப்பி ஓடும் குழந்தையைக் காப்பாற்றும் கதையை எழுத நினைக்கிற யாருக்காவது ஒரு வருடமாவது மிச்சமாகலாம்.

கதை இதுதான். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பையனை, அப்பாவிடம் 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்து, மகாராஷ்டிரத்துக்கு முறுக்குப் பிழியக் கூட்டிப்போகிறார்கள். எட்டு மாதம் கழித்து சோலாப்பூரில் அவன் ரயில் ஏறி ஓடுகிறான். மதுரை மாவட்டத்துப் பையன்கள் இப்படி வடக்கே முறுக்குக் கம்பெனிகளுக்குப் போவதும் மீட்கப்பட்டுத் திரும்புவதும் பல வருடமாகச் செய்தித்தாளில் வருகிற விஷயம். எனக்கு இது செய்தியாக மட்டும் இல்லை. பல வருடம் முன்பு அந்த ரயில் பாதையில் வரும்போது கழிவறைக் கதவோரம் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். தமிழில் தண்ணீர் கேட்டான். பாட்டிலைக் கொடுத்துவிட்டு நான் போய்ப் படுத்துவிட்டேன். குண்டக்கல் தாண்டி எழுந்து பார்த்தபோது பாட்டில் மட்டும் கதவோரம் நின்றது, பாதித் தண்ணீரோடு. அவனிடம் நான் எதுவுமே கேட்கவில்லை.

முதல் வரைவுக்கு 11 மாதம் பிடித்தது. தினமும் வேலை முடிந்து வந்து ஒன்பதரை முதல் பதினொன்று வரை, 192 பக்க லாங் சைஸ் நோட்டில் கையால் எழுதி, சனி ஞாயிறுகளில் கணினியில் ஏற்றினேன். பையனைக் காப்பாற்றுகிறவராக ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவரை வைத்தேன். துரத்துகிற ஏஜென்டுக்கு ஸ்கார்பியோ வண்டி, இரண்டு அடியாட்கள். ராய்ச்சூரில் ஒரு சண்டை, ஆதோனியில் ஒரு சண்டை. ராணுவக்காரர் பையனைத் தன் அக்கா வீட்டில் பத்து நாள் ஒளித்து வைக்கிறார். 330 பக்கத்தை இரண்டு பிரதி எடுத்து, ஸ்பைரல் போட்டு, ஒன்றை வக்கீலாக இருக்கும் நண்பனிடமும் இன்னொன்றை ரயில் நிலையத்தில் குழந்தைகளை மீட்கும் வேலையில் முன்பு இருந்த ஒரு அக்காவிடமும் கொடுத்தேன்.

நண்பன் நாலு நாளில் போன் செய்தான். "டேய், உன் ஹீரோ மேலேயே கேஸ் போடலாம்டா" என்றான். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி, பெற்றோரைப் பிரிந்து, காணாமல்போனதாகவோ கைவிடப்பட்டதாகவோ தெரிகிற ஒரு குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் போலீசிலோ, குழந்தைகள் உதவி எண்ணான 1098-இலோ, இப்படிப்பட்ட குழந்தையை யாரிடம் விடுவது என்று முடிவெடுக்கிற குழந்தைகள் நலக் குழுவிடமோ சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ராணுவக்காரர் பத்து நாள் தன் அக்கா வீட்டில் ஒளித்து வைப்பதை நான் வீரம் என்று எழுதியிருந்தேன். அந்த ஏற்பாட்டில் குழந்தைக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை, ஒருவருடைய நல்ல மனதைத் தவிர.

மீட்பு வேலையில் இருந்த அக்கா இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். பிரதியைத் திருப்பிக் கொடுத்தபோது 41-ஆம் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு இருந்தது. ராணுவக்காரர் "உன் பேர் என்ன தம்பி?" என்று கேட்க, பையன் பேரையும் ஊரையும் அப்பா பெயரையும் சொல்லி அழும் இடம். "இவ்வளவு சீக்கிரம் சொல்ல மாட்டான் சார். பேரைக் கேட்டா முதல்ல பொய்ப் பேர்தான் வரும். நாங்க பேரே கேக்க மாட்டோம், சாப்பிட்டியான்னு கேப்போம்" என்றார். அதற்கு மேல் எதையும் விமர்சிக்கவில்லை. உண்மைச் சம்பவம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டேன், மறுத்துவிட்டார். மீட்கப்பட்ட குழந்தையின் அடையாளம் வெளியே தெரியும்படி எதையும் வெளியிடக்கூடாது என்பது சட்டம், அது தவிர அந்தக் கதைகள் அந்தப் பிள்ளைகளுடையவை என்றார். மீட்கப்பட்ட ஒரு பையனையாவது பார்த்துப் பேச வேண்டும் என்று திட்டம் வைத்திருந்தேன், அன்றோடு அதை விட்டேன். நாவலில் வருகிற ஒரு வரிகூட எந்த உண்மைக் குழந்தையின் வாயிலிருந்தும் எடுத்ததில்லை.

மூன்று மாதம் எதுவும் எழுதவில்லை.

இரண்டாவது வரைவில் அந்த 24 மணி நேரத்தையே கதையின் கடிகாரமாக வைத்தேன். சஸ்பென்சுக்கு இதைவிட நல்ல எண் கிடைக்காது என்று தோன்றியது. சோலாப்பூரில் பையன் ஏறும் நொடியில் கடிகாரம் தொடங்குகிறது, ஒவ்வொரு அத்தியாயத் தலைப்பிலும் மிச்ச மணி. ராணுவக்காரரை எடுத்துவிட்டு அதே பெட்டியில் வரும் அரக்கோணத்து நர்ஸ் ஒருவரை வைத்தேன், வசந்தா என்று பெயர். 38,000 சொற்கள் ஓடியபிறகு நண்பன் அடுத்த குண்டைப் போட்டான். 24 மணி நேரம் என்பதில் பயண நேரம் சேராது, சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அதுவும் தவிர, ஒரு போன் போட்டால் முடிகிற வேலைக்கு எதற்கு 24 மணி நேரம் என்று கேட்டான். பதில் இல்லை. வசந்தா போன் போடாமல் இருக்க நான் செய்திருந்த ஏற்பாடெல்லாம் (சார்ஜ் இல்லை, சிக்னல் இல்லை, போன் தொலைந்தது) வரிசையாகப் படித்தால் பொய் என்று எனக்கே தெரிந்தது.

இன்னொரு தவறும் அதில் இருந்தது. கதையை 2024-இல் வைத்துவிட்டு, 1098-க்குப் போன் செய்ததும் தொண்டு நிறுவனத்து ஆட்கள் வருவதாக எழுதியிருந்தேன். 2023-இலேயே அந்த ஏற்பாடு மாறி, 1098 அரசுக் கைக்குப் போய், அவசர உதவி எண்ணான 112-ஓடு இணைக்கப்பட ஆரம்பித்துவிட்டது. அக்கா வேலை பார்த்தது பழைய முறையில், எனக்குத் தெரிந்ததும் அவர் சொன்ன அந்தப் பழைய முறைதான். அதனால் கதையை 2019 பிப்ரவரிக்கு நகர்த்தினேன்.

அந்த சமயத்தில்தான் எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு காரியம் செய்தேன். இரண்டும் முதல் நாளே செய்திருக்க வேண்டியவை.

ஒன்று, சென்னையிலிருந்து சோலாப்பூருக்கு ஸ்லீப்பரில் போய்வந்தேன். கையில் இரண்டு மீட்டர் டேப், சின்ன நோட்டு. கீழ் பெர்த்துக்கு அடியில் உள்ள இடத்தை அளந்தேன். பன்னிரண்டு வயதுப் பையன் அங்கே மல்லாந்து படுக்கலாம், திரும்பிப் படுக்க முடியாது, முழங்காலை மடக்க முடியாது. முதல் வரைவில் அவன் அங்கே உட்கார்ந்து முறுக்கு தின்றான்! கலபுரகி, வாடி, யாதகிரி, ராய்ச்சூர், ஆதோனி, குண்டக்கல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே போனேன். இந்தி, ஆங்கிலம், அந்தந்த ஊர் மொழி. தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பையனுக்கு அந்தப் பாதையில் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. வரைபடம் பார்த்துக்கொண்டு எழுதும்போது எனக்கு இது உறைக்கவே இல்லை. பயணம் முடிந்து வந்து, பையன் கண்ணால் பார்க்கிற அத்தியாயங்களில் ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் அழித்தேன். "டீக்கடைக்காரர் தொப்பி போட்டிருந்த ஸ்டேஷன்", "நாய் தூங்கிய ஸ்டேஷன்" என்று அவன் வைத்துக்கொண்ட அடையாளங்கள் மட்டும்தான் இருக்கின்றன. கடைசியில், மீட்கப்பட்டு ஊர் திரும்பும்போது, ரயில் ஜன்னலில் "திருத்தணி" என்ற எழுத்து கடந்துபோகும், அதைப் படித்துவிட்டு அவன் பேச ஆரம்பிப்பான். அந்த ஒரு சொல்லுக்காக அதற்கு முந்தைய 30 அத்தியாயத்திலும் ஒரு தமிழ்ப் பலகைகூட வராமல் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது, முறுக்குப் பிழிந்தேன். அம்மாவின் மர உரல், இரண்டு கிலோ மாவு, ஒன்றரை லிட்டர் கடலெண்ணெய், மொத்தம் 480 ரூபாய். ஒரு மணி நேரம் நிற்காமல் பிழிவது என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். பதினைந்து நிமிடத்தில் உள்ளங்கையின் அடிப்பக்கம், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, சிவந்தது. அரை மணியில் கட்டைவிரல் அடியில் கொப்புளம். மாவு கொஞ்சம் இறுகினால் தோளிலிருந்து அழுத்த வேண்டியிருக்கிறது, அப்போது முகம் எண்ணெய்க்கு நேராகப் போகிறது, அடிக்கிற ஆவியில் கண்ணைத் திறக்க முடியவில்லை. மாவில் இருக்கிற உப்பு கொப்புளத்தில் பட்டதும் எரிந்தது பாருங்கள், அதை நான் யோசித்தே இருக்க மாட்டேன். 48-ஆவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். உடனே நோட்டை எடுத்து எழுதப் பார்த்தேன், பேனாவைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. அன்றைக்கு எழுதிய நாலு வரி இப்போதும் கோணல்மாணலாக அந்தப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், எட்டு மாதம் பிழிந்த குழந்தையின் கை எப்படி இருக்கும்?

அதிலிருந்து கதைக்கு ஒரு முக்கியமான விஷயம் கிடைத்தது. பழைய வரைவுகளில் அவன் நகரும் ரயிலின் கைப்பிடியைத் தாவிப் பிடித்து ஏறினான். இரவெல்லாம் பிழிந்த கையால் அது முடியாது. இப்போது அவன் கைப்பிடிக்குள் முழங்கையைக் கொடுத்து மாட்டிக்கொண்டு தொங்குகிறான், தோள் விலகுகிறது. அந்தத் தோள் வலியை மறைக்கத்தான் அவன் ஒருக்களித்தே உட்காருகிறான், அதைத்தான் நர்ஸ் வசந்தா முதலில் கவனிக்கிறார். ஒரே காயத்தில் மூன்று அத்தியாயம் தன்னால் இணைந்துகொண்டது.

மூன்றாவது வரைவை ஆரம்பிக்கும் முன் சார்ட் பேப்பரை வெட்டி நூறு அட்டை செய்தேன். ஒரு காட்சிக்கு ஒரு அட்டை. ஒவ்வொன்றிலும் மூன்றே விஷயம்: என்ன நேரம், யாருக்கு என்ன தெரியும், பையன் கையில் என்ன இருக்கிறது. மூன்றாவது வரிதான் மிக உதவியது. ரயில் ஏறும்போது அவனிடம் 130 ரூபாயும் ஒரு பாதி பன்னும் சித்தியின் போன் நம்பர் எழுதிய சீட்டும் இருக்கின்றன. முதலில் நம்பரில் ஒரு எண் அழிந்துவிட்டதாக எழுதினேன். அக்கா படித்துவிட்டு, நம்பர் சரியாகத்தான் இருக்கும், ரீசார்ஜ் போடாமல் சித்திக்கு இன்கமிங் நின்றிருக்கும், அதுதான் நடக்கும் என்றார். எழுதிப் பார்த்தேன். அழிந்த எண்ணைவிட இது நூறு மடங்கு வலிக்கிறது, யார் மேலும் தப்பில்லை.

எழுத எழுத எனக்குப் புரிந்த பெரிய விஷயம், துரத்தல் இந்தக் கதையின் சஸ்பென்ஸே இல்லை. வசந்தா குண்டக்கல்லில் இறங்கி 1098-க்குப் போன் செய்துவிடுகிறார். நியாயமான எந்த மனுஷியும் அதைத்தான் செய்வார். அது 12-ஆம் அத்தியாயத்திலேயே முடிகிறது. பையன் அனந்தபூரில் குழந்தைகள் நலக் குழு முன்னால் போகிறான், குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கப்படுகிறான், பாதுகாப்பாக இருக்கிறான். முதல் வரைவில் நான் "சுபம்" போட்ட இடம் இது. இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. மூன்றாம் நாள் பையனின் அப்பா வருகிறார், ஆதார் கார்டு, ரேஷன் கார்டு எல்லாம் சரியாக இருக்கிறது, என் பிள்ளையைக் கொடுங்கள் என்கிறார். அவரை டிக்கெட் போட்டுக் கூட்டி வந்த ஏஜென்ட் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறான். குழு முன்னால் பையன் வாயே திறக்கவில்லை. சமூக விசாரணைக்கு, அதாவது குழந்தையின் வீட்டுச் சூழலை விசாரிப்பதற்கு, சட்டம் தருவது 15 நாள், இறுதி உத்தரவு போடக் குழுவில் மூன்று பேராவது இருக்க வேண்டும். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் பேசாத குழந்தையும் சரியான காகிதமும் எதிரெதிரே நிற்கும்போது எது ஜெயிக்கும்? 24 மணி நேரக் கடிகாரத்துக்குப் பதில் எனக்கு இந்த 15 நாள் கிடைத்தது.

அந்த அறைக் காட்சியை ஒன்பது முறை திருத்தினேன். ஏஜென்ட் வந்திருப்பது பையனுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பதில்தான் சிக்கல். ஜன்னல் வழியாகப் பார்த்தான், குரல் கேட்டது, யாரோ சொன்னார்கள், எல்லாம் எழுதிப் பார்த்து அடித்தேன். கடைசியில் சட்டை. அப்பா புதுச் சட்டை போட்டிருக்கிறார். மார்பில் குறுக்கே ஒன்றும் நெடுக்கே இரண்டுமாக, கடையில் மடித்து அட்டையோடு வைத்திருந்த தடம் இன்னும் போகவில்லை. காலருக்கு அடியில் எடுக்க மறந்த ஒரு குண்டூசி. பொங்கலுக்குக்கூடப் புதுச் சட்டை எடுக்காத அப்பாவுக்கு இதை யார் வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்று பையன் யோசிக்கிறான். அவ்வளவுதான், வேறு வார்த்தை இல்லை. அக்கா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வரைவில் மராத்தி, தெலுங்கு வசனங்களை அப்படியே தமிழெழுத்தில் போட்டு அடியில் பொருள் எழுதினேன். படிக்கிறவருக்குப் பொருள் தெரிந்துவிட்டால் பையனின் பயம் போய்விடுகிறது. இப்போது அவன் காதில் விழும் சொல் மட்டும். கம்பெனியில் முதல் நாள் யாரோ "நாவ் காய்?" என்று கேட்கிறார்கள், மராத்தியில் பெயர் என்ன என்று அர்த்தம், அவன் நாவு என்று நினைத்து நாக்கை நீட்டுகிறான், கேலி என்று நினைத்து அடிக்கிறார்கள். எட்டு மாதம் கழித்து அனந்தபூர் இல்லத்தில் ஒரு ஆயா "நீ பேரேமி?" என்கிறார். பேரு! தெலுங்கிலும் அதுதான். அந்த ஒரு சொல்லில் அவனுக்குத் தொண்டை அடைக்கிறது, ஆனாலும் உண்மைப் பெயரைச் சொல்வதில்லை. "செல்வம்" என்கிறான். செல்வம் அவனோடு கம்பெனியில் இருந்த பையன், இன்னும் அங்கேயே இருப்பவன். விசாரணை செல்வத்தின் ஊருக்குப் போகிறது, அவனுடைய அம்மா மகனைத் தேடி எங்கெங்கோ அலைந்துகொண்டிருப்பது தெரிகிறது, அப்படித்தான் கம்பெனியில் மிச்சமிருக்கும் ஆறு பையன்களும் வெளியே வருகிறார்கள். 41-ஆம் பக்கத்துப் பென்சில் கோட்டிலிருந்து வந்தது இது முழுவதும்.

முன்பணத்துக்கும் ஒரு முடிவு வேண்டியிருந்தது. அப்பா பயப்படுவது அந்த 40,000 ரூபாய்க்குத்தான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இன்படி அந்தக் கடன் செல்லாது, திருப்பித் தர வேண்டியதே இல்லை. 33-ஆம் அத்தியாயத்தில் குழு உறுப்பினர் ஒருவர் இதை அவரிடம் சொல்கிறார், அவர் நம்பவில்லை, மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்கிறார். விடுவிப்புச் சான்று, நிவாரணத் தொகை என்று நாலு பக்கம் விளக்கி எழுதியிருந்தேன், வெட்டிவிட்டேன். மூன்று முறை கேட்பது மட்டும் போதுமாக இருந்தது.

கடைசித் திருத்தம் வெறும் எண்ணிக்கை வேலை. தேடல் பெட்டியில் "திடீரென்று" என்று போட்டுப் பார்த்தேன், முதல் வரைவில் 148 இடம். இப்போது 9. "பகீரென்றது", "உறைந்து போனான்" இரண்டையும் அடியோடு எடுத்தேன். "எண்ணெய் கொதித்தது" என்று எழுதிய இடமெல்லாம் "காய்ந்தது" ஆனது, அடுப்பு முன்னால் நிற்பவர்கள் யாரும் எண்ணெய் கொதிக்கிறது என்று சொல்வதில்லை. ஒரு அத்தியாயம் சராசரியாக 1,600 சொற்களுக்கு வந்திருக்கிறது.

செலவு: ரயில் போகவர 1,100, சோலாப்பூரில் இரண்டு இரவு தங்க 1,800, சாப்பாடு ஆட்டோ 700, முறுக்கு 480, நோட்டு, சார்ட், பேனா 390, முதல், மூன்றாவது வரைவுகளுக்கு ஜெராக்ஸ், ஸ்பைரல் சேர்த்து 2,253. மொத்தம் 6,723 ரூபாய்.

அடுத்த முறை என்றால் சட்டத்தையும் அந்த வேலையில் இருந்தவர்களையும் முதல் மாதமே போய்ப் பார்ப்பேன், ஒரு வரி எழுதும் முன். அனந்தபூர் அறைக் காட்சியை முதலில் எழுதிவிட்டு அதிலிருந்து பின்னோக்கிப் போவேன். ரயில் நேர அட்டவணையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட மாட்டேன், அது வருடா வருடம் மாறுகிறது, வெயிலும் நிழலும் போதும். கையால் எழுதுவதை மட்டும் மாற்ற மாட்டேன்.

வசந்தா விஷயம் இன்னும் பாக்கி. குண்டக்கல்லில் இறங்கியதால் அவருக்கு அன்றைய நைட் டூட்டி போகிறது, மெமோ வருகிறது, அப்புறம் கதையில் அவர் வருவதே இல்லை. பையன் அவரைத் தேட வேண்டுமா, அவர் பையனை விசாரித்து 1098-க்கு மறுபடி போன் செய்ய வேண்டுமா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் அட்டை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். புதுப் பிரதி மூன்றில் ஒன்று அக்காவிடம் போயிருக்கிறது, பென்சிலும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.